இணைப்பு ஏழு

கீவில் நள்ளிரவு என்றால்
கொண்டப்பநாயக்கன்பட்டியில் இரண்டரை மணி.
இந்தக் கணக்கு ஒன்றுதான் நான் போட்டது.
மற்றதெல்லாம் முதல்வர் போட்டது:
கருத்தரங்கக் கூடத்துக்குக் குளிரூட்டி இரண்டு,
தொடக்க விழாவுக்குப் பந்தல்,
பொன்னாடை, எண்ணிக்கை குறிப்பிடாமல்.
"வெளிநாட்டுக் காசும்மா, தாராளமாக் கேளுங்க."

தருகிறவர்களின் தெருவில்
நாளுக்கு நான்கு மணி நேரம்தான் மின்சாரம் என்று
அவரிடம் சொல்லவில்லை.
குளிரூட்டியை அடித்தேன். பந்தலை அடித்தேன்.
பொன்னாடையில் ஒன்றை விட்டுவைத்தேன்,
பிறகு அதையும்.

உக்ரேனிய மொழிக்கு ஓராண்டுச் சான்றிதழ் வகுப்பு.
முப்பது மாணவர், நூற்றிருபது புத்தகம், ஒரு பயிற்றுநர்.
உங்கள் ஊருக்கும் எங்கள் மொழிக்கும் என்ன தொடர்பு?
இருநூறு சொற்களுக்குள் கேட்கிறது படிவம்.
இரும்பாலை, ஜவ்வரிசி, வெள்ளிக் கொலுசு என்று தொடங்கி
எல்லாவற்றையும் அழித்துவிட்டு
தீர்த்தகிரி என்று எழுதினேன்.

நான்காம் ஆண்டு மருத்துவத்தை அங்கேயே விட்டுவிட்டு
ஒரு முதுகுப்பையோடு
சேலம் ஜங்ஷனில் இறங்கியவன்.
சட்டைப்பையில் அறைத்தோழனின் பூனைக்கு வாங்கிய மருந்து.
இப்போது ஆத்தூர் ரோட்டில்
மாமனின் சேகோ ஆலையில் லோடு கணக்கு.
மூட்டையை எண்ணுவது இன்னமும் அந்த மொழியில்தான்.
ஒதின், த்வா, த்ரி.
சுமக்கிறவர்களுக்கே பதினைந்து வரை பாடம்.

பயிற்றுநரின் கல்வித் தகுதி: சான்று இணைக்கவும்.
சான்று நான்காவது மாடியில் இருக்கிறது.
மாடிதான் இல்லை.
ஆகவே இணைப்பு ஏழு:
அவன் கைப்பட எழுதிய ஒன்றரைப் பக்கம்,
கீழே கல்லூரி முத்திரை, கொஞ்சம் சாய்வாக.

மாதிரி வகுப்பு ஒன்று நடத்தச் சொன்னோம்.
நன்றிக்கு அவர்கள் த்யாகுயு என்பார்கள் என்றான்.
"தியாகமா சார்?" என்றாள் மூன்றாம் பெஞ்சில் ஒருத்தி.
"இல்லைங்க. சத்தம்தான் பக்கத்துல, வேரு வேற."
சொல்லிக்கொண்டே கரும்பலகையைத் துடைத்தான்.
துடைத்து முடிந்த பிறகும் துடைத்தான்.

உங்கள் நிறுவனத்தின் பங்களிப்பு?
பதினான்காம் எண் அறை, மின்விசிறி இரண்டு,
ஒன்று சுற்றும்.
எதிர்பார்க்கும் இடர்கள்?
மின்தடை என்று தட்டினேன்.
யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது.
ஒவ்வோர் எழுத்தாகப் பின்வாங்கி
மாணவர் வருகைக் குறைவு என்று போட்டேன்.

இரண்டு பத்துக்கு ஆறு இணைப்புகள் ஏறின.
ஏழாவது மட்டும் பாதியில் நின்றது.
ஜன்னலுக்கு வெளியே ஏற்காட்டுப் பாதையில்
ஏதோ ஒரு வண்டியின் வெளிச்சம்
வளைவில் மறைந்து, கீழ்வளைவில் வந்து, மறுபடி மறைந்து.
திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

இரண்டு இருபத்தாறுக்கு மடல்:
மன்னிக்கவும், இங்கே எச்சரிக்கை ஒலி,
கீழ்த்தளத்துக்குப் போகிறோம்,
எல்லோருக்கும் நாற்பது நிமிடம் கூடுதலாகத் தருகிறோம்.
யரினா.

நாற்பது நிமிடம்.
விண்ணப்பத்தை முதலிலிருந்து படித்தேன்.
ஒன்பதாம் பக்கத்தில் கார்கோவ் என்று இருந்தது.
பள்ளிக்கூட அட்லஸிலிருந்து கையோடு வந்த பழக்கம்,
அந்நியர் வைத்த உச்சரிப்பு.
கோ-வைக் கி ஆக்கினேன். கார்கிவ்.
தீர்த்தகிரி இதை இரண்டு முறை பார்த்திருக்கிறான்,
ஒன்றும் சொல்லவில்லை.

அவர்கள் நிலத்தடியில் உட்கார்ந்திருந்த நேரம்
எனக்குப் பிழை திருத்தக் கிடைத்தது.
இதை எந்த இனத்தில் காட்டுவது?
பயணம், எழுதுபொருள், இதர செலவுகள் என்று
பட்டியலை மேலும் கீழும் தேடினேன்.

மூன்று நான்குக்கு இணைப்பு ஏழு ஏறியது.
பெற்றுக்கொண்டோம் என்ற பதில்
இரண்டு நிமிடத்தில் வரும் என்கிறது திரை.
நாலரை ஆகிவிட்டது.
பால்வண்டி போய்விட்டது.
மடிக்கணினியை மூடவில்லை.