பெல்ஜியம்

முனீஸ்வரன் கோயில் தெருவில் என் கடை.
இருபத்தாறு வருஷமாக
ஆளுயரக் கண்ணாடி எதுவானாலும்
பெல்ஜியம் என்றே சொல்லி விற்கிறேன்.
எனக்குச் சொன்னவர்
இதே தெருவில் எனக்கு முன்னால் விற்றவர்.
அவருக்கு யார் சொன்னார்கள் என்று
அவரும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

போன ஆவணியில் பள்ளத்தூரிலிருந்து
பதினோரு பங்காளிகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த
கண்ணாடி ஒன்று வந்தது.
பின்பலகை முழுக்கக் கரையான்.
சவரிமுத்து ஆணிகளைப் பிடுங்கிப் பிடுங்கி
கொட்டாங்கச்சியில் போட்டுக்கொண்டே வந்தவர்
“பாய், இங்க வாங்க” என்றார்.
ரசம் உதிர்ந்த மூலையில் பழுப்பேறிய ஒரு சீட்டு.
கல்கத்தா என்பது மட்டும் படிக்க முடிந்தது.

அப்போது என் மண்டைக்குள் நடந்ததை
உள்ளபடி எழுதுகிறேன்.
சீட்டு, சட்டம் அடித்தவனுடையதாக இருக்கும் என்றது ஒன்று.
கப்பலே கல்கத்தா வழியாகத்தானே வந்திருக்கும் என்றது இன்னொன்று.
வாங்குகிறவனுக்கு வேண்டியது பெயர்தானே என்றது மூன்றாவது,
கொஞ்சம் ஞானி மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு.
எதையும் பொய்யென்று தள்ள முடியாது.
ஆனால் மூன்றும்
நான் சீட்டைப் படித்து முடிக்கும் முன்பே
வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு
நின்றுகொண்டிருந்தன.
இத்தனை வருஷத்தில்
எனக்கு நஷ்டம் வைக்கிற காரணம் ஒன்றாவது
கூப்பிடாமல் வந்திருக்கிறதா?

“பெல்ஜியத்துலயும் கல்கத்தான்னு ஒரு ஊர் இருக்கும் பாய்”
என்றார் சவரிமுத்து, சிரிக்காமல்.

அஸர் தொழுதுவிட்டு வந்தேன்.
சீட்டு அங்கேயேதான் இருந்தது.

மறுவாரம் கோயம்புத்தூர்க்காரர், ரிசார்ட் கட்டுகிறவர்.
“பெல்ஜியமா?”
“தெரியாது சார்.”
சொன்னதும் கழுத்துப் பொத்தான் கழன்ற மாதிரி இருந்தது.
திருப்பிச் சீட்டைக் காட்டினேன்.
அவர் சீட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.
“இந்தத் தெருவுல இப்படிச் சொன்ன மொத ஆள் நீங்கதான்.”
பேரம் பேசவில்லை.
கண்ணாடியோடு
இரண்டு ஜதை ஊஞ்சல் சங்கிலியும் ஏற்றிக்கொண்டு போனார்.

இத்தோடு நிறுத்தினால்
நான் நல்லவன்.

வியாழக்கிழமை ஒரு தம்பதி.
குத்துவிளக்கைத் தொட்டு, எவ்வளவு பழசு என்றார்கள்.
போன சித்திரையில் நாச்சியார்கோயிலில் வார்த்தது.
கொல்லையில் புகை போட்டுக் கறுக்க வைத்தது
நானேதான்.
“தெரியாதுங்க” என்றேன்.
அதே குரல். அதே இடைவெளி.
சட்டைப் பொத்தானில்கூட
கை போய்விட்டு வந்தது.
அவர்களும் விளக்கைப் பார்க்கவில்லை.

பொய்க்குப் பழக எனக்கு ஒரு தொழிலே தேவைப்பட்டது.
அந்த ஒரு சொல்லைக் கெடுக்க
ஒன்பது நாள்.

கண்ணாடி விற்ற அன்று
வீட்டில் சோறு இறங்கியது நினைவிருக்கிறது.
என்னை நானே தோளில் தட்டிக்கொண்டதும்.
அந்தத் தட்டல்தான்
வியாழக்கிழமை வாயைத் திறந்ததோ என்னவோ.
இதுவும் ஒரு காரணம்தான்,
இதையும் சும்மா நம்பிவிடக் கூடாது.

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஒரு விலைச்சீட்டின் பின்பக்கம் எழுதினேன்:
நாச்சியார்கோயில். சித்திரை. அசல் எட்டாயிரம்.
விற்றது இருபத்திரண்டு.
ரசீதில் அவர்கள் ஃபோன் நம்பர் இருக்கிறது.
கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

மணி பத்து தாண்டிவிட்டது,
இந்நேரத்தில் கூப்பிட்டால் நன்றாக இருக்காது என்கிறது
ஒன்று,
செருப்பைக் கழற்றிவிட்டு
வாசலில் நின்றபடி.