மைனர்

அவர்தான் அந்தப் பெயரை வைத்தார்.
ராத்திரி பதினொன்றுக்குக் கம்பிக்கதவில் நழுவி
விடியும்போது காது கிழிந்து திரும்புகிறவனுக்கு
வேறென்ன பெயர் வைப்பதாம்.

ஆரஞ்சு உடம்பு. கொக்கியாய் மடங்கிய வால்.
மார்சிலிங்கில் எங்களுக்கு இரண்டாம் மாடி.
குதித்தால் நடைபாதைக் கூரை,
அங்கிருந்து தரை,
அதற்கப்புறம் எல்லா புளோக்கும்
அவனுக்கு மாமியார் வீடு.

ஆபரேஷன் பண்ணிவிடலாமே என்றேன் ஒருமுறை.
வெள்ளி செலவாகும் என்பதற்காக இல்லையாம்.
"பாவம்டி, ஆம்பளை.
அவன் ஆசையை அறுத்துப்போட நாம யாரு?"
பிஸ்கட்டைக் காப்பியில் நனைத்தபடி சொன்னார்.
ஊறிய பாதி உள்ளே விழுந்தது.
கரண்டியால் தேடிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலின் சக்கர மேசையில்
எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று
எனக்கு விரல் வைத்துக் காட்டியவரும் அவர்தான்.
சின்னவள் பிறந்து ஆறு மணி நேரம்.
"ரெண்டு போதும், இதோட முடிச்சுக்க."
பாவம் என்கிற சொல்
அன்றைக்கு மருத்துவ விடுப்பில் இருந்திருக்கவேண்டும்.
எனக்கும் போதும் என்றுதான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.
பேனா மட்டும் அவர் சட்டைப்பையிலிருந்து வந்தது.
தையல் ஆறாத வாரத்தில்
அரிசி களைந்தது நான்.

மார்ச்சில் குப்பை மையத்துக்குப் பின்னால் நான்கு.
ஜூனில் லாரி நிறுத்துமிடத்தில் மூன்று,
அதில் ஒன்றை டயர் எடுத்துக்கொண்டது.
தீபாவளிக்கு முறுக்கு கொடுக்கப் போன வழியில்
படிக்கட்டின் அடியில், அட்டைப்பெட்டியில்,
எண்ணாமல் நடந்துவிட்டேன்.
நான் முகத்தைப் பார்ப்பதில்லை, வாலைப் பார்ப்பேன்.
அந்தக் கொக்கியை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

கக் சல்பியா ஆறாம் மாடி.
பள்ளி உணவகத்தில் மீகோரெங் விற்ற காசில்
சார்டின் டின் வாங்கி, கூண்டு வைத்து,
மடக்கு நாற்காலியில் நடுநிசிவரை காத்திருப்பார்.
பிடிபட்டவள் மறுநாள் திரும்பி வருவாள்
இடது காதின் நுனி இல்லாமல்.
"அடிக், நான் ஒன்றைப் பிடிப்பதற்குள்,
ஓர் ஆண் வெளியே சுற்றினால்..."
முடிக்கவில்லை.
யார் வீட்டு ஆண் என்று கேட்கவுமில்லை.
லிஃப்டில் நான்
இரண்டு என்ற எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

டிசம்பர் மழை மூன்று நாள்.
கால்வாய்க் கம்பியில் சிக்கி ஒரு குட்டி,
உள்ளங்கை அளவு, வாய் திறந்தபடி.
கக் சல்பியா அதைப் பழைய துண்டில் சுற்றினார்.
துண்டுக்கு வெளியே வால் மட்டும்.
வீட்டில் வந்து சொன்னேன்.
"அது இயற்கை" என்றவர்
டிவி சத்தத்தைக் கூட்டினார்.

செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு எடுத்தேன்.
துணிக்கூடை, மேலே மூடி, அதன்மேல் பெரியவனின் பெல்ட்.
டாக்ஸி முழுக்க மைனர் ஒப்பாரி வைத்தான்.
கிளினிக்கில் அட்டை எழுதினார்கள்:
மைனர் தனசேகர். வயது நான்கு. ஆண்.
கையெழுத்து எங்கே என்று யாரும் காட்டவில்லை,
நானே கண்டுபிடித்தேன்.
என் பேனா.

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை.
செலார் மீனை வேகவைத்து, முள் ஆய்ந்து,
விரலில் எடுத்து ஊட்டினார்.
எங்கள் அடுப்பை அவர் பற்றவைத்து
அன்றுதான் பார்க்கிறேன்.
மைனரோ கழுத்தில் புனல் மாட்டிய ஜமீன்தாராய்
மூன்று மீன் தின்று, ஏப்பம் விடாத குறையாக
என் தலையணையில் படுத்துக்கொண்டான்.

ராத்திரி பதினொன்று.
கம்பிக்கதவைப் பூட்டிக் கீழே இறங்கினேன்.
கக் சல்பியா ஒன்றும் கேட்கவில்லை,
டார்ச்சை என் கையில் கொடுத்தார்.
கூண்டுக்கு நாலடி தள்ளி ஒருவன்,
ஐந்து மாதம் இருக்கும், ஆரஞ்சு.
சார்டினைப் பார்க்கிறான். என்னைப் பார்க்கிறான்.
கொக்கி வால் ஒருமுறை அசைகிறது.
உள்ளே வரவில்லை.

"நாளைக்கு வருவான்" என்கிறார்,
நாற்காலியை மடக்காமல்.