மூன்று மீட்டருக்குள்

நெஞ்சைக் கீறி எடுத்துவிட வேண்டும்,
இல்லையென்றால் உலையில் வெடிக்கும்.
போன பிப்ரவரியில் ஒன்று வெடித்து
உள்சுவரில் இரண்டு செங்கல் பெயர்ந்தது.
கொத்தனார் வர ஒன்பது நாள்.
அதுவரை வீபோர் நகரத்துப் பிணங்கள்
வரிசையில் நின்றன,
நிற்க முடிந்தவை போல.

ஆகவே போடில் ஒவ்வொரு தாளையும் இருமுறை படிப்பாள்.
பேஸ்மேக்கர்: உண்டு. காறையெலும்புக்குக் கீழே, இடப்பக்கம்.
எடுத்தாயிற்றா: ஆம். கையொப்பம்.

அவள் மேசையின் கீழ் இழுப்பறையில்
ஊறுகாய் ஹெர்ரிங் வந்த கண்ணாடிப் புட்டி.
அதற்குள் பதினொன்று.
மாதம் ஒருமுறை வண்டி வந்து எடுத்துப்போகும்.
அதுவரை துடிக்கின்றன,
சத்தமில்லாமல், நிமிடத்துக்கு அறுபது.
இழுப்பறையை வெடுக்கென்று இழுத்தால்
ஆள் படியேறுகிறார் என்று எண்ணிக்கொண்டு
தொண்ணூறு வரை போகும்.
இதைத் தெரிந்துகொண்ட நாள் முதல்
போடில் மெதுவாகத்தான் திறக்கிறாள்.
மதியச் சாப்பாட்டை வேறு அறைக்கு மாற்றிவிட்டாள்.

ஐகில் வியாழக்கிழமை வந்தான்.
கோப்பன்ஹேகனில் வேலை;
மனிதன் உடம்பைக் கழற்றிவைக்கப்போகும் நாளுக்கு
அட்டவணை போடுகிற கம்பெனி.
மூளையை ஸ்கேன் செய்து படியெடுத்துவிடலாம் என்றான்,
மிஞ்சினால் முப்பது வருஷம்.
சதை ஓர் இடைக்கால ஏற்பாடு.
போடில் அவனுக்கு இன்னொரு காபி ஊற்றினாள்.

சாம்பலைக் காந்தத்தால் அலசுகிறவள் அவள்.
தினமும் தட்டில் மிஞ்சுவது
டைட்டானியம் இடுப்பு, கோபால்ட் முழங்கால்,
பெயர் எரிந்து வரிசை எண் மட்டும் நிற்கிற பல் திருகு.
எதிர்காலம் அவளிடம் கிலோக்கணக்கில் இருக்கிறது.
வாளி நிறைந்ததும் உருக்க அனுப்புகிறாள்.

அன்று காலை அவன் அப்பா தோர்கிலின் தட்டில்
மூன்று திருகாணிகள், கணுக்காலில் இருந்தவை,
மேலே ஒன்று, கீழே இரண்டு.
தமிழ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால்
ஆய்தம் என்றிருப்பார்.
உயிரிலும் சேராது, மெய்யிலும் சேராது,
தனிநிலை என்று அதற்கு இன்னொரு பெயர்.
அப்படி யாரும் அங்கே இல்லை.
போடில் வாரி வாளியில் போட்டாள்.

"அப்பாவின் பேஸ்மேக்கரைத் தர முடியுமா?"
தரலாம் என்று விதி இல்லை.
இறந்த பிறகு அது யாருடையது என்றும்
எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை.
எதற்கு என்று கேட்டாள்.

கட்டிலோரம் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறதாம்.
ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சோடு பேசி
ஆஸ்பத்திரிக்கு அறிக்கை அனுப்புவது அதன் வேலை.
பன்னிரண்டு நாளாய் மஞ்சள் விளக்கு மினுக்கி
தேடிக்கொண்டே இருக்கிறதாம்.

"சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிடலாமே."
"பிடுங்கலாம்" என்றான்.
கோப்பைக்குள் பார்த்தான்.
முப்பது வருஷத்துக்குக் கணக்குச் சொன்ன வாய்
அதற்கு மேல் பேசவில்லை.

வரிசை எண் பார்த்து எடுத்தாள்.
துடைத்தாள்.
ரப்பர் கையுறையின் கட்டைவிரலுக்குள் இறக்கிக் கொடுத்தாள்.
திங்கட்கிழமை வண்டி வரும், அதற்குள் வேண்டும் என்றாள்.

நாற்பது கிலோமீட்டர். பனி வாரிய சாலை.
சட்டைப்பையில் அது
குலுக்கலுக்கெல்லாம் வேகம் கூட்டிக் கூட்டி
ஊர்வரை ஓடியே வந்தது.

மூன்று மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று
பெட்டியின் அடியில் அச்சிட்டிருந்தது.
ஐகில் அப்பாவின் பள்ளம் விழுந்த பக்கத்தில் படுத்தான்,
ஷூவைக்கூடக் கழற்றாமல்.
கையுறையைத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டான்.
இரண்டு அடித்தது.
மஞ்சள் பச்சையானது.

விடிந்ததும் ஏதோ ஒரு நர்ஸின் திரையில் வந்து விழுந்தது:
மின்கலம் ஏழு ஆண்டு நான்கு மாதம்.
துடிப்பு நூற்றுக்கு நூறு.
நேற்றைய நடமாட்டம் வழக்கத்தைவிட அதிகம்.
கம்பி எதையும் தொடவில்லை.

திங்கட்கிழமை வண்டிக்காரர் எண்ணினார். பத்து.
தாளிலும் பத்துதான்.
போடில் அதை எழுதியது வியாழக்கிழமை,
அவன் கார் திரும்பு முன்பே.