தூறல், கீறல்

பால்க்ளூதா ரக்பி மன்றத்தின் தரைப்பலகைக்கு அடியில்
பிஸ்கட் தகரத்துக்குள் கிடந்தது
ஏழு நிமிடப் பன்றி.

ஊர் ஊராய் ஓடித் தேய்ந்த சுருள்.
கப்பல் வந்து நிற்கும் கடைசித் துறை இது;
திருப்பி அனுப்பக் கூலி கட்டாது என்று
யாரோ விட்டுவிட்டார்கள்.
தொண்ணூற்றெட்டு வருடம்
ஆட்டக்காரர்களின் பூட்ஸ்களுக்குக் கீழே
குடையை விரித்தபடி நின்றிருக்கிறது.

நைட்ரேட் சுருளைத் திறந்தால்
ஈரக் காலுறை நாறும்.
ஸ்ட்ராக்கன் மூக்கைப் பொத்திக்கொண்டு,
'நைரீ, இதைக் குளிர்பெட்டியில் வை.
இல்லையென்றால் டனீடன் தீயணைப்புப் படைக்கு
நீயே ஃபோன் செய்' என்றார்.

கிழிந்த துளைகளை ஒட்டினேன்.
பல்சக்கரம் கடிக்காமல் ஸ்கேனருக்கு ஊட்டினேன்.
பத்தாயிரத்துச் சொச்சம் ஃபிரேம்கள்.
கறை நீக்கும் மென்பொருளை ஓடவிட்டுத்
தேநீர் குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் வானம் வெளுத்திருக்கிறது.
பளிச்சென்ற வெள்ளையில்
பன்றி மட்டும் குடை பிடித்துக்கொண்டு
காய்ந்த தரையைத் தாவித் தாவித் தாண்டுகிறது.
நனைந்துபோனதாகத் தபால்காரத் தவளை
ஒன்றுமில்லாத ஆகாயத்தைப் பார்த்து
முஷ்டியை ஆட்டுகிறது.

நெட்டுக்கோடு என்றால் கீறல்,
கீறல் என்றால் அழி.
அந்த மென்பொருளுக்குத் தெரிந்த இலக்கணம் அவ்வளவே.
எருமைமேல் மழை பெய்தாற்போல என்பார்கள்.
இது பன்றிமேல் பெய்ததையும் அறியாத எருமை.

எல்லாவற்றையும் பழையபடி போட்டுவிட்டுக்
கையால் தொடங்கினேன்.
சாய்ந்த கோடு மழை, நேர்க்கோடு காயம்.
முதல் வாரம் இப்படிச் சுலபமாக இருந்தது.
பிறகு படத்துக்குள் காற்று நின்றுவிட்டது.
மழையும் நேராக விழத் தொடங்கியது.

வரைந்தவரின் பெயர்
தலைப்பு அட்டையோடு கிழிந்து போயிற்று.
அவருக்கு அவசரம் என்பது மட்டும் தெரிகிறது:
மூன்று துளிக்கு ஒருமுறை கோட்டின் தலை தடிக்கும்,
புட்டியில் பேனா மறுபடி முங்கிய இடம்.
அந்தத் தடிப்பைப் பிடித்துக்கொண்டு போனேன்.
தடித்தால் தூறல்.
தடிக்காவிட்டால்
தூறலா கீறலா என்று
ஒரே கோட்டோடு ஒரு மத்தியானம் முழுக்க
உட்கார்ந்திருக்கிறேன்.

திரையிட்ட இரவு எண்பது பேர்.
பியானோவில் டெவிட்டா.
ஐந்தாம் நிமிடத்தில் ஒன்பது விநாடி கிடையாது,
பாகாய் உருகிவிட்ட பகுதி.
நான் எதையும் இட்டு நிரப்பவில்லை, கறுப்பாகவே விட்டேன்.
டெவிட்டா கையை எடுக்கவில்லை;
மேல்கட்டைகளில் ஒற்றை விரலால்
சொட்டிக்கொண்டிருந்தான்.
இருட்டில் ஒரு பையன் உரக்கச் சொன்னான்:
'பன்றி குடைக்குள்ளே போயிடுச்சு!'
சிரிப்பு அடங்குமுன் படம் திரும்பியது.
நிஜமாகவே குடைக்குள்தான் இருந்தது.

ஸ்ட்ராக்கன் புரொஜெக்டர் அறையிலிருந்து இறங்கி வந்தார்.
'ஆறாம் நிமிடம், இடது ஓரம்.
ஒரு கீறலை விட்டுவிட்டாய்.'

தெரியும் என்றேன்.
அந்த இடத்தில்தான் தவளை அண்ணாந்து பார்க்கிறது.
அதையும் அழித்துவிட்டால்
பார்க்க அதற்கு வேறொன்றும் இல்லை.