ஆணி வரைக்கும்

சுவரைப் பார்த்து நில்லுங்க என்றாள்
மதுரைப் பெரியாஸ்பத்திரியில் அந்தச் சின்னப் பெண்.
ரெண்டு விரலை நண்டு மாதிரி நடக்க விடுங்க.
வலிக்கிற இடத்துல நிறுத்தி
பத்து எண்ணி இறங்குங்க.
நண்டு பக்கவாட்டில்தானே போகும் என்றேன்.
அவள் உசிலம்பட்டிக்காரி.
எங்க வயல் நண்டு ஏறும் என்றாள்.

சின்னப்பாலத்தில் எங்கள் வீட்டுச் சுவர்
உப்பு பூத்து உதிர்கிற சுவர்.
கரித்துண்டால் முதல் கோடு
தோளுக்கும் கீழே.
பக்கத்தில் ஆடி பதினெட்டு என்று எழுதினேன்.
உத்தரத்துக்கு ஒரு முழம் கீழே ஆணி.
ஆணியில் என் முக்குளிக் கண்ணாடி,
பதினேழு வருசம் பாறை இடுக்கில்
மரிக்கொழுந்துப் பாசி தேடின கண்ணாடி.
ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின காலையில்
இதே இடது கையால்தான் மாட்டினேன்,
எக்காமல்கூட.

கைக்கு ஒரு இறுக்கு உறை கொடுத்தார்கள்.
பெட்டியில் தோல் நிறம் என்று போட்டிருந்தது.
யார் தோலோ.
இந்தக் கையில் கீறல் படக்கூடாது,
ஊசி கூடாது, பாரம் கூடாது.
சரி என்று தலையாட்டும்போது
விரல் நுனிகளை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன்.
கீறலை எண்ண ஆரம்பித்தால்
அன்றைக்கு முடிகிற காரியமா?

காலைக்கு ஒன்றும் ராத்திரிக்கு ஒன்றுமாய்ச்
சுண்ணாம்புச்சத்து மாத்திரை.
ஞாயிற்றுக்கிழமை ஒரு பொட்டலம்
வெயிலுக்குப் பதிலாக.
வெயிலுக்குப் பதிலாகவாம்!
களத்தில் பாசி காயப்போட்டே
முதுகு கறுத்தவளுக்கு.

நாத்தனார் மகன் ஜெகதீசன்
குவைத்திலிருந்து ஒரு புட்டி கொண்டுவந்தான்.
கடல் சத்து அத்தை, வெளிநாட்டுச் சரக்கு,
ரெண்டாயிரத்து நானூறு.
மூடியைத் திருகினேன்.
எங்கள் களத்து வாசம்.
மழையில் நனைந்து கெட்டுப்போய்
வியாபாரி வேண்டாம் என்று தள்ளின
மூட்டையின் வாசம்.
சிரித்தேன். தையல் போட்ட இடம் இழுத்தது.
பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

மஞ்சப்பையில் போட்டு
மதுரைக்கே எடுத்துப் போனேன்.
டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
பொடி எழுத்தை இரண்டு தரம் படித்தார்.
அயோடின் எவ்வளவுன்னே போடலையே.
உங்க மாத்திரையோட சேர்ந்தா என்ன செய்யும்னு
எனக்கே தெரியாது. தெரியாததை முழுங்காதீங்க.
வேற என்னம்மா சாப்பிட?
மீன், முட்டை, பருப்பு. தினம் நடங்க.
பாம்பன்காரியை மீன் தின்னச் சொல்ல
மதுரை வரைக்கும் ரயில்.

நடந்தேன்.
குந்துகால் வரைக்கும் முதலில் முடியவில்லை.
சேதுக்கனி கூட வந்தாள்.
அவள் வாயாடி,
அந்த நாட்களில் மட்டும் பேசவில்லை.
நான் நின்றால் செருப்பில் முள் தேடுவாள்.
வல்லத்தில் போகிறவர்கள்
தீவுப் பக்கம் திரும்புகிற வரைக்கும்
கரையோரமாய் அவர்களோடு நடந்தேன்.
உன் முடி சுருட்டையா முளைக்குதுடீ
என்று தண்ணீருக்கு மேலே கத்தினாள் பேச்சி.

ஐப்பசியில் நான்கு விரற்கடை ஏறியிருக்கிறது.
கார்த்திகையில் ஒரு கோடு கீழே கிடக்கிறது.
அது கை வீங்கின வாரம்.
அழிக்க நினைத்து விட்டுவிட்டேன்.

தை பிறந்து ஒன்பதாம் நாள்
நண்டு ஆணியைத் தொட்டது.
பத்து எண்ண மறந்துவிட்டேன்.
கண்ணாடியைக் கழற்றினேன்.
ரப்பர் பட்டை
கருவாட்டுச் செதில் மாதிரிக் கையில் உதிர்ந்தது.

ஆறு மாசத்தில் தளர்ந்துபோன பழைய உறை
கொடியில் தொங்கியது.
புதுசு வந்துவிட்டது, இது இனி ஆகாது.
கத்தரியால் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி
முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்தேன்.
கண்ணாடிக்குப் போதுமான இறுக்கம் இருந்தது.

பாயிலிருந்தபடி இவர் கேட்டார்,
கடலுக்குப் போகப்போறியா?
தெரியலை.
பட்டை அறுந்து கிடந்துச்சு, கட்டினேன்.

திரும்ப மாட்டினேன்.
கொஞ்சம் எக்க வேண்டியிருந்தது.