பதினேழாம் டப்பி

கந்தப்பளையில் லீக்ஸ் ஏற்றித்
தம்புள்ளையில் இறக்கும் லொறிக்காரன் நான்.
இரவு பதினொன்றுக்கு ஒரு கோப்பி,
றம்பொடை வளைவில் ஒன்று,
புசல்லாவைக் கடைக்காரர் தூங்காவிட்டால்
இன்னொன்று.
பால் விடுவதில்லை.
இருபத்திரண்டு வருசமாக
ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது நான்,
கண்ணைப் பிடித்திருப்பது கோப்பி
என்றுதான் இருந்தேன்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில்
டொக்டர் இமேஷா ஒரு ஆராய்ச்சிக்கு ஆள் சேர்த்தார்.
இரண்டு கிழமை கோப்பி தொடக்கூடாது.
காலையில் வயிறு கழிப்பதில்
ஒரு கரண்டி
டப்பியில் போட்டுத் தரவேண்டும்.
மூவாயிரம் ரூபாய்.
"அதுக்குமா காசு?" என்று
சிரிக்கத் தொடங்கிய யோகமலர்
இரவு மீன் பொரிக்கும்போதும் சிரித்தாள்.
என் டப்பியில் பதினேழு என்று எழுதியிருந்தது.

முதல் நாள் ஒன்றுமில்லை.
இரண்டாம் நாள் நெற்றிக்குள்
யாரோ டயர் கழற்றினார்கள்.
மூன்றாம் நாள்
கிளீனர் பையன் நிதுர்ஷனை
ஒரு கயிற்று முடிச்சுக்காக ஏசினேன்,
செத்துப்போன அவன் அப்பாவையும் இழுத்து.
தம்புள்ளை வரை
எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்
லீக்ஸ் வாசம் மட்டும்.

டொக்டர் விளக்கினார்,
பாதி தமிழ், பாதி சிங்களம்:
குடலுக்குள் கோடிக்கணக்கில் குடியிருக்கிறார்கள்.
நீங்கள் குடிக்கும் கோப்பியில்
அவர்களுக்கும் பங்கு.
தின்றதை வேறொன்றாகச் சமைத்து
இரத்தத்தில் விடுகிறார்கள்.
வயிற்றுக்கும் மூளைக்கும் ஒரு நரம்பு ஓடுகிறது,
அதில் செய்தி பெரும்பாலும்
கீழிருந்து மேலேதான் போகும்.

எங்கள் றோட்டும் அப்படித்தான் டொக்டர்.
மரக்கறி இங்கிருந்து இறங்கும்,
விலை அங்கிருந்து ஏறி வரும்.

பதினைந்தாம் நாள்
எண் மட்டும் போட்ட பக்கட்டுகள் கொடுத்தார்கள்.
சிலதில் தூக்கம் கலைக்கும் சரக்கு உண்டு,
சிலதில் அதை எடுத்துவிட்டார்கள்.
எது எதில் என்று டொக்டருக்கும் தெரியாதாம்.

முதல் மடக்கு
நாக்கில் பட்டதும் தோள் இறங்கியது.
நாலைந்து நாளில்
தலைக்குள் டயரைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.
கம்பளையில் நிதுர்ஷனுக்கு
ஒரு சீனிப் பணிஸ் வாங்கிக் கொடுத்தேன்.
சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை.
அவன் பாதியைப் பிய்த்து
என் பக்கம் நீட்டினான்.
தூக்கம் மட்டும் விடவில்லை.
பேராதனைக்கு முன்னால் ஓரங்கட்டி
இருபது நிமிசம் தூங்கினேன்,
வயசு போகுது என்று நினைத்துக்கொண்டு.

உறை பிரித்த நாளில் சொன்னார்கள்,
பதினேழுக்குக் கொடுத்தது
சரக்கு எடுத்த கோப்பி.

அப்படியென்றால்
பணிஸ் வாங்கியது யார்?

"ஒரு ஆளை வைத்துச் சொல்ல முடியாது,
எல்லா டப்பியும் பார்க்கவேண்டும்" என்றார் டொக்டர்.
பழகிய வாசமே போதுமாய் இருந்திருக்கலாம் என்றார்.
குடலில் இருப்பவர்களாகவும் இருக்கலாம் என்றார்.
மூவாயிரத்துக்குக் கையெழுத்துப் போடும்போது
'நான்' என்று எழுதிய இடத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.

புசல்லாவைத் திருப்பத்தில்
தேயிலைக்கு நடுவே
யாரும் வெட்டாத கோப்பிச் செடி ஒன்று நிற்கிறது.
லைட் அடித்தால் பழம் சிவக்கும்.
இந்த மலையெல்லாம் ஒருகாலம் அதுதான்.
இலைக்கு அடியில் மஞ்சள் தூளாக வந்த
ஒரு பூஞ்சணம்
துரைமாரின் கணக்குப் புத்தகத்தை மூடியது.
கோப்பிக்கென்று மன்னார்க் காட்டால் நடந்து வந்தவர்கள்
தேயிலைக்கென்று குனிந்தார்கள்.
அவர்களை யாரும் கேட்கவில்லை.
கண்ணுக்குத் தெரியாத ஒன்று முடிவெடுத்தது,
மலை கேட்டது.

மீந்த டப்பி டேஷ்போர்டில் கிடக்கிறது.
கழுவிவிட்டு நிதுர்ஷன் அதில் சில்லறை போடுகிறான்.

இன்றிரவு றம்பொடையில் மழை.
"எத்தனை பேருக்கு?" என்றார் கடைக்காரர்.
பையன் தனக்கு பிளேன்டீ என்றான்.
நான் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தேன்.