பதினொன்று எழுநூறு

ரொபாலோவின் விலாவில் ஒரு கறுப்புக் கோடு,
செவுளில் தொடங்கி வால் பிளவு வரைக்கும்,
கூட்டுத்தொகைக்கு மேலே இழுப்போமே, அதுபோல.
உப்புத் தண்ணீரிலிருந்து ஆற்றுக்குள் ஏறி
அலையாத்தி வேரடியில் அசையாமல் நிற்கும்போது
மீன் தெரியாது, கோடுதான் தெரியும்.
செவுள்மூடி கத்தி.
நம்பாதவர்கள் என் கட்டைவிரலைப் பார்க்கலாம்.

போட்டி நாளில் தராசு என் பொறுப்பு.
உசுமசிந்தாவின் இந்தத் துறையில்
ஒன்பது வருடமாக என் கையெழுத்துதான் எடை.

எவெலியோ விடியுமுன் துடுப்புப் போட்டுப் போனவன்,
பத்து மணிக்கு ஈரச் சாக்கோடு வந்தான்.
பதினொன்று நானூறு.
பரிசு மேசைமேல் இருந்த படகு மோட்டாரை
ஒருமுறை தொட்டுப் பார்த்தான்,
பிறர் வீட்டுக் குழந்தையைத் தொடுவதுபோல.

முடிய ஐந்து நிமிடம் இருக்கையில்
மோந்தெர்ரேயிலிருந்து வந்தவர் இறங்கினார்.
விலையுயர்ந்த தூண்டில், கழுவிய கைகள்.
பதினொன்று எழுநூறு.
எழுதினேன். ஒபதூலியா என்று கீழே போட்டேன்.
கைதட்டினார்கள். எவெலியோவும் தட்டினான்.

படம் பிடித்ததும் மீனை ஊருக்கே கொடுத்துவிட்டார்.
பெரிய மனசு என்றார்கள்.
அறுப்பதும் நான்தான், அதற்குத் தனிக் கூலி.
வயிற்றைக் கீறினேன்.
இறால் ஒன்று, அரைகுறையாய்ச் செரித்த கெண்டை,
பிறகு அலுமினியச் சட்டியில்
டங்.
டங்.
ஆறு ஈயக்குண்டு.

கழுவித் தராசில் வைத்தேன். எழுநூற்று இருபது.
கூடத்தில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.
அவர் கார் இன்னும் மரத்தடியில்தான் நின்றது.
கூப்பிட்டிருக்கலாம்.
சீட்டில் என் பெயர் இருந்தது,
எண்ணெய் காய்ந்துகொண்டே இருந்தது,
பூண்டை நசுக்கினேன்.
கார் போய்விட்டது.

அந்த மீனில் நான் ஒரு துண்டும் தின்னவில்லை.
இதைச் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன.

ஈயத்தை எறிய மனம் வரவில்லை.
இரண்டிரண்டாக வெட்டித் துளையிட்டு
என் வீச்சுவலையின் விளிம்பில் கோத்துக் கட்டினேன்.
இப்போது வலை வட்டமாக விழுகிறது,
பிசகாமல், நேராக அடிக்குப் போகிறது.

நேற்று இருட்டில்
துடுப்புச் சத்தம் கேட்டுக் கையை நிறுத்தினேன்.
எவெலியோ.
படகை அணைத்து நின்று பார்த்தான்.
"இந்த வருடம் நன்றாக விரிகிறதே உன் வலை" என்றான்.

"கனம் சரியாக இருக்கிறது" என்றேன்.

தலையாட்டிவிட்டுத் துடுப்பைப் போட்டான்.
வளைவு தாண்டும்வரை கேட்டது,
ஒவ்வொரு போடாக,
நான் எண்ணினேன்.